குழந்தையின் வளர்ச்சிக் கோடும் கைப்பேசியும்

பிறந்த தேதி, எடை, உயரம் ஆகியவற்றைக் கொடுத்தால், குழந்தை தன் வயதுக்கேற்ப வளர்கிறதா என்பதை ஒரு நொடியில் வரைபடமாகக் காட்டும் செயலிகள் இன்று எந்தக் கைப்பேசியிலும் கிடைக்கின்றன. அட்டையில் பேனாவால் புள்ளி வைத்து, முந்தைய மாதப் புள்ளியோடு கோட்டால் இணைத்து, செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் செய்துவந்த வேலை இப்போது வீட்டுக் கூடத்திலேயே நடக்கிறது. இது வரவேற்க வேண்டிய மாற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வளர்ச்சிக் கண்காணிப்பில் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன: சரியாக அளப்பது, அந்த அளவைத் தரநிலையோடு ஒப்பிடுவது, ஒப்பீட்டில் தெரிந்ததற்கு ஏற்ப நடந்துகொள்வது. இவற்றில் நடு வேலையை மட்டுமே கைப்பேசி முழுமையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. முதல் வேலையும் கடைசி வேலையும் இன்னும் பெற்றோரிடமும் சுகாதாரப் பணியாளர்களிடமும்தான் இருக்கின்றன. திரையில் தெரியும் நேர்த்தியான வளைகோடு இதை எளிதில் மறக்கச் செய்துவிடுகிறது.

வளர்ச்சிக் குறிப்பை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் கைப்பேசியோடு தொடங்கியதன்று. நைஜீரியாவின் இமெசி கிராமத்தில் 1950களின் பிற்பகுதியில் பணியாற்றிய பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் டேவிட் மார்லி, மாதாமாதம் எடுத்த எடையை அட்டையில் கோடாக வரைந்து, அந்த அட்டையைத் தாயிடமே ஒப்படைக்கும் முறையை உருவாக்கினார். அங்கிருந்து அந்த அட்டை பல நாடுகளுக்குப் பரவியது. தமிழ்நாட்டில் 1980ஆம் ஆண்டு உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இந்தக் கோட்டுக்கு ஒரு கூடுதல் பொறுப்பைக் கொடுத்தது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகள் மாதந்தோறும் எடைபோடப்பட்டார்கள். எடை போதுமான அளவு ஏறாத குழந்தைகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் சத்துணவு கொடுக்கப்பட்டு, எடை தேறியதும் நிறுத்தப்பட்டது. எந்தக் குழந்தைக்கு உடனடிக் கவனம் வேண்டும் என்பதை அந்தக் கோடே தீர்மானித்தது. இன்றைய செயலிகளில் பெரும்பாலானவை இந்த இணைப்பு இல்லாமல், கோட்டை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன.

செயலி எந்தத் தரநிலையோடு ஒப்பிடுகிறது என்பது பெரும்பாலான பெற்றோர் கேட்காத கேள்வி. 2006 வரை உலகின் பல நாடுகளில் புழங்கிய வரைபடம் அமெரிக்கக் குழந்தைகளின் அளவுகளைக் கொண்டு 1977இல் உருவாக்கப்பட்டது. அதில் கைக்குழந்தைப் பருவத்துக்கான அளவுகள் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளிடமிருந்து எடுக்கப்பட்டவை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் சில மாதங்களில் வேகமாக எடை கூடி, பின்னர் புட்டிப்பால் குழந்தையைவிட மெதுவாகக் கூடும். ஆகவே அந்தப் பழைய வரைபடத்தில் நன்றாக வளரும் தாய்ப்பால் குழந்தையின் கோடுகூடச் சில மாதங்களில் சரிவதுபோலத் தெரியும். அதைக் கண்டு பயந்து, தேவையே இல்லாமல் பால் பவுடருக்கு மாறும் ஆபத்தை அந்த வரைபடமே உண்டாக்கியது.

இந்தக் குறையைப் போக்க, உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்தது. இந்தியாவில் தெற்கு டெல்லிக் குழந்தைகள் அளக்கப்பட்டார்கள். தாய்ப்பால் குடித்தவர்களும், புகைபிடிக்காத தாய்மாருக்குப் பிறந்தவர்களும், வளர்ச்சிக்குத் தடையில்லாத சூழலில் வாழ்ந்தவர்களுமான குழந்தைகளே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இத்தகைய சூழல் கிடைத்தால், ஐந்து வயது வரை எந்த நாட்டுக் குழந்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் உயர்கிறது என்பது அந்த ஆய்வு உறுதிப்படுத்திய பெரிய உண்மை. ‘நம் ஊர்க் குழந்தைகள் இயல்பாகவே குட்டைதான்’ என்று நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானத்துக்கு, குறைந்தபட்சம் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, அதில் இடமில்லை. 2006இல் வெளியான இந்தத் தரநிலையை இந்தியா தன் அங்கன்வாடித் திட்டத்தில் ஏற்றுக்கொண்டது. 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ‘போஷன் டிராக்கர்’ செயலியில் அங்கன்வாடிப் பணியாளர் எடையையும் உயரத்தையும் பதிந்தால், இதே தரநிலைப்படிதான் அது குழந்தையின் நிலையைக் கணக்கிடுகிறது. ஐந்து முதல் பதினெட்டு வயது வரை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வரைபடங்கள் இருக்கின்றன.

வெளிநாட்டுச் செயலிகள் சிலவற்றில் இரண்டு வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் தரநிலையும், அதன்பின் அமெரிக்க வரைபடமும் பயன்படுகின்றன. அப்படிப்பட்ட செயலியில் இரண்டாவது பிறந்தநாளையொட்டிக் குழந்தையின் இடம் திடீரென்று மாறித் தெரியும். குழந்தையிடம் எந்த மாற்றமும் நிகழவில்லை; ஒப்பிடும் கோடுதான் மாறியிருக்கிறது. எந்தத் தரநிலை என்பதைத் தெளிவாகச் சொல்லாத செயலியைத் தவிர்ப்பதே நல்லது.

இனி, அளத்தல். என் பார்வையில் வீட்டுக் கண்காணிப்பு பெரிதும் தடுமாறுவது இங்கேதான். குழந்தைக்கான தனி எடைக்கருவி எல்லா வீடுகளிலும் இருப்பதில்லை. பெரியவர்களுக்கான டிஜிட்டல் எடைக்கருவியில் தாய் முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டும், பிறகு தனியாகவும் ஏறி நின்று, இரண்டு எண்களின் வித்தியாசத்தைக் குழந்தையின் எடையாக எடுத்துக்கொள்வதே பரவலான வழி. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 100 கிராமுக்கு ஒருமுறைதான் எண்ணை மாற்றும். இரண்டு அளவுகளிலும் பிழை இருக்கலாம் என்பதால், கழித்து வரும் விடையில் அது கூடிவிட வாய்ப்பிருக்கிறது. குழந்தை எவ்வளவு எடை கூடுகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தரநிலைப்படி ஆண் குழந்தையின் இடைநிலை எடை (பாதிக் குழந்தைகள் இதற்குக் கீழும் பாதிக் குழந்தைகள் மேலும் இருக்கும் அளவு) ஒன்பதாம் மாத முடிவில் 8.9 கிலோ, ஓராண்டு முடிவில் 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு அதே காலத்தில் 8.2 கிலோவிலிருந்து 8.9 கிலோ. அதாவது மூன்று மாதத்தில் 700 கிராம், மாதத்துக்கு ஏறத்தாழ 230 கிராம். வயிறு நிறையக் குடித்த பாலும் நனைந்த டயாப்பரும் சேர்ந்தாலே அந்த 230 கிராமை எட்டிவிடும். எனவே வாரந்தோறும் எடைபோட்டு, போன வாரத்தைவிட 50 கிராம் குறைந்திருக்கிறதே என்று கலங்குவதில் பொருளே இல்லை. அந்தக் கருவியால் 50 கிராமைச் சொல்லவே முடியாது.

இதற்கு ஒழுங்கு ஒன்றே மருந்து. எடைக்கருவியைப் பாய் மேலோ மெத்தை மேலோ வைக்காமல், சமமான கடினத் தரையில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். காலையில், பால் கொடுக்கும் முன், டயாப்பரைக் கழற்றிவிட்டு எடைபோட வேண்டும். அரைஞாண், கொலுசு, காப்பு ஆகியவற்றைக் கழற்ற இயலாவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே நகைகள் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு முறை எடைபோட்டு, இரண்டும் ஒத்துவந்தால் மட்டும் செயலியில் பதியலாம். எவ்வளவு இடைவெளியில் எடைபோடலாம் என்பதற்குப் பிரிட்டனின் வழிகாட்டுதல் ஓர் அளவுகோலைத் தருகிறது: நலமாக இருக்கும் குழந்தையை ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறைக்கு மேலும், ஓராண்டு வரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறைக்கு மேலும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேலும் எடைபோட வேண்டியதில்லை. பிறந்த முதல் வாரத்தில் எடை சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் மீள்வது இயல்பு என்பதையும் புதிய பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். இதை அறியாத செயலி அந்த முதல் வாரத்திலேயே சிவப்புக் கோட்டைக் காட்டிப் பயமுறுத்தும்.

உயரம் இதைவிடக் கடினமானது. இரண்டு வயதுக்குக் கீழ் குழந்தையைப் படுக்கவைத்து நீளமும், அதற்கு மேல் நிற்கவைத்து உயரமும் அளப்பது முறை. படுத்த நிலையில் அளந்தால் சராசரியாக 0.7 செ.மீ. கூடுதலாக வரும். படுக்கவைத்து அளக்கும்போது ஒருவர் தலையைப் பலகையில் அசையாமல் பிடிக்க, மற்றொருவர் முழங்காலை நேராக்கிப் பாதத்தைச் செங்குத்தாக வைக்க வேண்டும். மேலே சொன்ன ஆறு நாட்டு ஆய்வில் பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியே அளந்து, இரண்டு அளவுகளுக்கும் இடையே 7 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு வந்தால் மீண்டும் அளந்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே அவ்வளவு இடம் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், அழுது புரளும் குழந்தையைத் தையல் டேப்பால் கட்டிலில் அளக்கும் பெற்றோருக்கு எத்தனை செ.மீ. தவறும் என்பதை ஊகிக்கலாம். ஒரு செ.மீ. பிழையும் சிறியதன்று. இரண்டு வயதுப் பெண் குழந்தையின் இடைநிலை உயரம் 85.7 செ.மீ.; 79.3 செ.மீ.க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியதாகக் கணக்கு. உண்மையில் 80 செ.மீ. உள்ள குழந்தையை 79 என்று பதிந்துவிட்டால், செயலி அந்தக் குழந்தைக்குத் தவறான முத்திரையைக் குத்திவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நீளத்தை அங்கன்வாடியிலோ தடுப்பூசி போடும் இடத்திலோ முறையான பலகையில் அளக்கச் சொல்லி, அந்த எண்ணைச் செயலியில் பதிவதே சரி என்பேன்.

கைப்பேசியின் கேமராவே அளந்துவிடாதா என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. 2020இல் வந்த ஐஃபோன் 12 ப்ரோ முதல் சில விலை உயர்ந்த கைப்பேசிகளில் ஒளிக்கதிரைச் செலுத்தித் தொலைவை அளக்கும் உணரி இருக்கிறது. நிற்கும் ஒருவரின் உயரத்தை அது திரையில் காட்டும். ஜெர்மனியின் வெல்ட்ஹுங்கர்ஹில்ஃபே தொண்டு நிறுவனம் உருவாக்கிய ‘சைல்டு குரோத் மானிட்டர்’ இந்த வகை முப்பரிமாணப் படத்தைச் செயற்கை நுண்ணறிவால் ஆராய்ந்து குழந்தையின் அளவுகளைக் கணிக்க முயன்றது. இந்தியாவிலும் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. பலகையைத் தூக்கிக்கொண்டு மலைக் கிராமங்களுக்கு நடக்கும் பணியாளருக்கு இத்தகைய கருவி பெரும் விடுதலையாக இருக்கும். ஆனால் குழந்தை அசைவது, முழங்காலை மடக்குவது, தலைமுடி அடர்ந்திருப்பது, தளர்ந்த உடை அணிந்திருப்பது ஆகியவை கேமராவையும் ஏமாற்றும். சாதாரணக் கைப்பேசியில் ஒரே ஒரு புகைப்படத்தைக் கொண்டு உயரம் சொல்வதாகக் கூறும் செயலிகளை விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணை வளர்ச்சிப் பதிவில் சேர்க்கக் கூடாது.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நிலைமை தலைகீழாக மாறுகிறது. இந்தப் பருவத்தில் வீட்டுக் கண்காணிப்பு மிகவும் பயனுள்ளது என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் இவர்களை அளப்பவர்கள் வேறு யாருமில்லை. தடுப்பூசிக் கால வருகைகள் முடிந்துவிடுகின்றன, அங்கன்வாடியும் முடிந்துவிடுகிறது, பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் அளவு பெற்றோர் கண்ணில் படாமலே போகலாம். இந்த வயதுப் பிள்ளைகள் சொன்னபடி அசையாமல் நிற்பார்கள். தரையையொட்டிய அடிப்பட்டி வெளியே துருத்தாத சுவரில் குதிகால், பிட்டம், முதுகு ஆகியவை படும்படி செருப்பில்லாமல் நிறுத்தி, பார்வை நேராக இருக்க, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவருக்குச் செங்குத்தாகத் தலைமேல் வைத்து, அதன் அடிவிளிம்பில் பென்சிலால் குறியிட்டு, இரும்பு டேப்பால் அளந்தால் போதும். மாலைக்குள் உயரம் சற்றுக் குறைந்துவிடும் என்பதால் எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பதிந்துவந்தால், ஆண்டுக்கு எத்தனை செ.மீ. வளர்கிறது என்பது தெரிந்துவிடும். இந்த வயது முதல் பருவமடையும் வரை குழந்தைகள் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள், 4 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால் தைராய்டு குறைபாடு, வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, குடல் நோய்கள், பெண் குழந்தைகளிடம் டர்னர் குறைபாடு என்னும் பிறவி மரபணுக் குறைபாடு போன்றவற்றை மருத்துவர் சோதிக்க வேண்டியிருக்கும். ‘வயசுக்கு வந்தா வளர்ந்துடும்’ என்று சொல்லிக் கைவிடப்படும் ஆண்டுகள், எலும்பின் முனைகள் மூடிக்கொண்டபின் திரும்பி வருவதில்லை. நினைவில் நிற்காத எண்களைத் தேதியோடு ஆண்டுக்கணக்கில் காப்பாற்றித் தருவது கைப்பேசிக்கு எளிது.

அளந்த எண்ணைப் படிப்பதில் உள்ள குழப்பங்களையும் பார்க்க வேண்டும். செயலி ‘12ஆவது சதமானம்’ என்று காட்டினால், தேர்வில் 12 மதிப்பெண் வாங்கியதுபோலப் பெற்றோர் அதிர்ச்சி அடைகிறார்கள். அந்த வயதில் நலமாக இருக்கும் நூறு குழந்தைகளை எடை வரிசைப்படி நிறுத்தினால், கீழிருந்து 12ஆவது இடம் என்பதே அதன் பொருள். அந்தக் குழந்தை நலமாகவே இருக்கலாம். நலமான குழந்தைகளில் பாதிப் பேர் நடுக்கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிட, புள்ளிகளை இணைக்கும் கோடு வரைபடத்தின் வளைகோட்டுக்கு இணையாகச் செல்கிறதா, படுக்கிறதா, இறங்குகிறதா என்பதே பார்க்க வேண்டியது. ‘கொழுகொழு’வென்று இருந்தால்தான் குழந்தை என்று எண்ணும் நம் வீடுகளில், மெலிந்த உடல்வாகு உள்ள, ஆனால் தன் கோட்டில் சீராக ஏறும் குழந்தைக்கு வலுக்கட்டாயமாக ஊட்டுவதும், மேல்கோடுகளைத் தாண்டிப் பருக்கும் குழந்தையைப் பார்த்துப் பூரிப்பதும் ஒருசேர நடக்கின்றன.

குறைமாதக் குழந்தைகளின் வீடுகளில் இந்தக் குழப்பம் கூடுதலான வேதனையைத் தருகிறது. 32 வாரத்தில் பிறந்த ஆண் குழந்தைக்கு இப்போது ஆறு மாதம் என்றால், 40 வாரத்துக்கு முன்பே பிறந்த அந்த எட்டு வாரத்தை வயதிலிருந்து கழித்துவிட்டு, நான்கு மாதக் குழந்தையாகவே அதை வரைபடத்தில் வைக்க வேண்டும். ஆறு மாதத்தின் இடைநிலை எடை 7.9 கிலோ, நான்கு மாதத்தின் இடைநிலை எடை 7.0 கிலோ. இந்தத் திருத்தத்தைக் கேட்காத செயலி 900 கிராம் பற்றாக்குறையைக் கற்பனையாக உருவாக்கிவிடும். இரண்டு வயது வரை இந்தத் திருத்தம் தேவை. கர்ப்ப வாரத்தைப் பதிய இடம் தராத செயலி குறைமாதக் குழந்தைக்கு உதவாது.

கடைசி வேலைக்கு வருவோம். கோட்டைப் பார்த்தால் மட்டும் குழந்தை வளர்ந்துவிடுமா? இதற்கான விடையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. நம் மாநிலத்தின் 12 கிராமங்களில் நடந்து 1993இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், ஆறு கிராமங்களில் வளர்ச்சிக் கண்காணிப்பும் மற்ற சுகாதார உதவிகளும் கொடுக்கப்பட்டன. மற்ற ஆறில் அதே உதவிகள், வளர்ச்சிக் கண்காணிப்பு மட்டும் இல்லாமல், கொடுக்கப்பட்டன. இரு தொகுதிக் குழந்தைகளின் ஊட்டச்சத்து நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஜாம்பியாவில் வீட்டுச் சுவரில் ஒட்டும் ஆளுயர வளர்ச்சி வரைபடத்தைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வு, மொத்தக் குழந்தைகளைப் பார்த்தால் பலன் இல்லை என்றும், ஆனால் தொடக்கத்திலேயே வளர்ச்சி குன்றியிருந்த குழந்தைகளின் உயரம் மேம்பட்டது என்றும் கண்டது. தன் குழந்தை பின்தங்கியிருப்பதைக் கண்ணெதிரே பார்த்த பெற்றோர் ஏதோ ஒரு வகையில் செயல்பட்டிருக்கிறார்கள் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். கண்காணிப்பு வீண் என்று இந்த ஆய்வுகளிலிருந்து முடிவு கட்டுவது தவறு. கோடு படுத்தால் யாரிடம் போவது, என்ன கொடுப்பது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் கோட்டால் பயன் என்றே நான் அவற்றைப் படிக்கிறேன்.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் இந்தியாவில் 35.5 சதவீதம்; தமிழ்நாட்டில் 25 சதவீதம். நான்கில் ஒரு குழந்தை என்பது சிறிய எண் அன்று. கோடு சரியும்போது அண்மையில் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்ததா, ஆறு மாதத்துக்குமேல் கஞ்சித் தண்ணீரும் பிஸ்கட்டுமாக ஓடுகிறதா, பருப்பும் முட்டையும் எண்ணெயும் சேர்கிறதா, நாளுக்கு எத்தனை முறை ஊட்டப்படுகிறது என்று கேட்பதே அடுத்த படி. 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அளந்து, குறைபாடு உள்ளவர்களை மருத்துவப் பரிசோதனைக்கும் சிறப்பு உணவுக்கும் அனுப்பும் இந்தப் பாதையைத்தான் அமைத்தது. வீட்டில் வரைந்த கோடும் அந்தப் பாதையில் போய்ச் சேர வேண்டும். இரண்டு முறை தொடர்ந்து எடை ஏறாவிட்டால் செயலியின் எச்சரிக்கைக்குக் காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ குழந்தை மருத்துவரிடமோ போய்விடலாம்.

மின்னணு எதுவும் வேண்டாத ஒரு கருவியையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தையின் மேல்கையின் நடுவில் சுற்றி அளக்கும் வண்ண நாடாவில் 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 செ.மீ. வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. சிவப்பு என்றால் கடும் மெலிவு. உடனே சிகிச்சை வேண்டும். நைஜரில் ‘அலிமா’ என்ற தொண்டு நிறுவனம் எழுத்தறிவில்லாத தாய்மாருக்கும் இதைக் கற்றுக்கொடுத்தது. பயிற்சி பெற்ற பணியாளர்களுக்கு இணையாக அவர்கள் மெலிந்த குழந்தைகளைக் கண்டறிந்தார்கள். உயிருக்கு ஆபத்தான நிலையை வீட்டில் கண்டறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இலவசச் செயலிகளின் பின்னணியையும் பார்க்க வேண்டும். குழந்தையின் பிறந்த தேதியும் மாதாந்திர எடையும் சத்துப்பொடி விற்பவருக்கு மிக மதிப்புள்ள தகவல்கள். ‘உங்கள் குழந்தை சராசரிக்குக் கீழே’ என்ற வரிக்கு அடியிலேயே ஊட்டச்சத்து பானத்தின் விளம்பரம் வருவது தற்செயலாக இருக்க முடியாது. தாய்ப்பால் மாற்றுப் பொருட்கள் பற்றிய 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடர், புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றின் விளம்பரத்தை இந்தியாவில் தடைசெய்கின்றன. கைப்பேசித் திரைக்கு இதில் விலக்கு இல்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தகவலைப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் இல்லாமல் கையாளக் கூடாது என்றும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. எடையையும் உயரத்தையும் கணக்கிட, தொடர்பு எண்களையோ இருப்பிடத்தையோ செயலி கேட்க வேண்டிய அவசியமில்லை, கேட்டால் மறுத்துவிடலாம்.

அதே குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருக்கும் பெண்கள் இந்தியாவில் 54 சதவீதம்தான். பல வீடுகளில் கைப்பேசி தந்தையோடு வேலைக்குப் போய்விடுகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போகும் தாயின் கையில் இருப்பது தாய் சேய் நல அட்டை மட்டுமே. கைப்பேசி தொலையலாம், செயலி நிறுத்தப்படலாம், அங்கன்வாடியின் பதிவும் தனியார் செயலியின் பதிவும் ஒன்றையொன்று அறியாமல் இருக்கலாம். எனவே செயலியில் பதிந்த ஒவ்வோர் எண்ணையும் அதே நாளில் தேதியோடு அட்டையிலும் எழுதிவிட வேண்டும். செயலியைத் தேர்ந்தெடுக்கும்போதே, முழுப் பதிவையும் அச்செடுக்கவோ மருத்துவருக்கு அனுப்பவோ அதில் வசதி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.